கதவுக்குக் குறுக்கே ஒரு நாற்காலி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு, அதற்கப்புறம் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் பாரம், அதோடு படிப்பு நின்றது. லிட்டில் இந்தியாவில் அப்பா வைத்திருந்த பூக்கடையில் உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. கை பூவில் ஓடுகிற மாதிரி தாளில் ஓடாது.

அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இதில் வருகிறவர்கள் என் கடைக்கு வருகிறவர்கள். வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் எனக்குப் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள். அவர்களைப் பற்றி எழுதிவிட்டு மறுநாள் எந்த முகத்தோடு பார்ப்பது என்று தயங்கினேன்.

போன மாதம் அந்தத் தயக்கம் போய்விட்டது. காலையில் கடை திறந்துவிட்டுப் பசியாறப் போனேன். கோப்பிக் கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்து எங்கள் ஊர்க் காற்பந்துக் குழுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த வருடமும் எங்கள் பையன்கள் தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள். இப்படித் தடுமாறுகிற குழுவுக்கு ஒரு ஜெனரல் மேனேஜர் போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். உடனே ஒரு இளவட்டம் சொன்னான்: "ஏற்கனவே ஒருத்தரைப் போட்டுப் பட்டது போதாதா, அங்கிள்? தலைவருக்குப் போட வச்சிருந்த மாலையைக் கால்வாய்ல வீசினாரே. சாமி மாலை அது. அந்தப் பாவம்தான் இன்னும் நம்மள விடல லா."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சம்பவம் நடந்தபோது இவனுக்குப் பால்பல் கூட விழுந்திருக்காது. யாரோ சொன்னதை இவன் சொல்கிறான். யாரோ ஒருவருக்கு இன்னொருவர் சொன்னது. முதலில் நான் கேட்டபோது மாலையை வீசினார் என்றுதான் இருந்தது. அப்புறம் மிதித்தார் என்று ஆனது. இப்போது கால்வாய் வந்துவிட்டது, சாமியும் வந்துவிட்டது.

அந்த மாலையைக் கட்டியவன் நான். அது எங்கே போனது என்று கண்ணால் பார்த்தவனும் நான்தான். தே தாரே டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அன்றைக்குப் பூ தொடுக்கும்போது நார் இரண்டு முறை அறுந்தது. எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது. ஆள் குட்டை. என் தோள் உயரம்தான் இருப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு, தலையில் சீவ முடி இல்லாத போதும். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை தவறாமல் மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டுச் சாமி படத்துக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிப் போவார். என்னை "அண்ணே" என்பார், நானும் அவரை "அண்ணே" என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

அவரிடம் ஒரு சொல் இருந்தது. "முடியாது." நாம் எல்லாரும் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம், ஆனால் வெளியே எடுக்க மாட்டோம். பார்க்கலாம் என்போம், சொல்லி அனுப்புகிறேன் என்போம், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்போம். அவருக்கு இந்தச் சுற்று வழியெல்லாம் தெரியாது. முடியாது என்றால் முடியாது. சத்தம் போட மாட்டார். காரணத்தை நீட்டவும் மாட்டார். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். கேட்டவர்தான் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.

ஒரு தீபாவளி சமயம், கடை முன்னால் நல்ல கூட்டம். காடியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு ஒரு அம்மாள் இறங்கி வந்தார், பெரிய இடம். எனக்கு முதலில் கொடுங்க என்று கையை நீட்டினார். பூவை எடுத்துக் கொடுக்க எனக்குக் கை தானாக எழுந்தது. வரிசையில் நின்ற இவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்த அம்மாளைப் பார்த்து, "முடியாதும்மா. இந்த அக்கா உங்களுக்கு முன்னாலயே வந்துட்டாங்க" என்றார். கடை என்னுடையது, முடியாது சொன்னவர் இவர். அந்த அம்மாள் அப்புறம் என் கடைக்கு வரவே இல்லை. அதற்காக இவர்மேல் எனக்கு வருத்தம் இருந்தது. மறைக்க மாட்டேன்.

அவர் மகள் கல்யாணத்திலும் இதே கதை. நம் ஊர்க் கல்யாணங்கள் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தாலி கட்டி முடிந்ததும் மைக் வந்துவிடும். பட்டம் வாங்கியவர், கட்சிக்காரர், சங்கத்தலைவர் என்று ஒவ்வொருவரையும் மேடைக்கு அழைத்து மாலை, பொன்னாடை, வாழ்த்துரை. பந்தியில் சாம்பார் ஆறிப் போகும், குழந்தைகள் அழும். அவர் மகள் கல்யாணத்துக்கு மாலைக் கணக்குச் சொல்ல என் கடைக்கு வந்தார். பெண், மாப்பிள்ளை, சம்பந்திகள், அவ்வளவுதான் என்றார். வருகிற பெரியவர்களுக்கு அண்ணே, என்று நான் இழுத்தேன். "சாப்பாடு இருக்கே" என்றார். கல்யாணத்தில் மைக்கே வைக்கவில்லை. இலையில் சோறு ஆவி பறந்தது. சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து, மரியாதை தெரியாத ஆள் என்று பேசிக்கொண்டவர்களும் உண்டு.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் குழுவுக்கு ஜெனரல் மேனேஜராகப் போட்டார்கள். போட்டது யார் என்றால், செயலாளர். அப்போது குழு மேல்பிரிவில் கடைசியில் கிடந்தது. செயலாளர் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது நானும் இருந்தேன். குழுவுக்குப் பூசைச் சாமான் கொண்டு போகிறவன் என்ற முறையில் என்னையும் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. முதலில் கோச்சும் முஸ்லிம் பையன்களும் கையேந்தி துவா ஓதுவார்கள், மற்றவர்கள் தலை குனிந்து நிற்பார்கள். அப்புறம் நான் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பேன், அவர்கள் நிற்பார்கள். இது யாரும் சொல்லி வந்ததல்ல. தானாக அமைந்தது. தோற்ற நாளிலும் இது ஒன்று எங்களுக்கு ஒழுங்காக நடந்தது.

கூட்டத்தில் நான்தான் கேட்டேன். தலைவர் இருக்கிறார், இரண்டு துணைத்தலைவர் இருக்கிறார்கள், செயலாளர், பொருளாளர், செயலவை இருக்கிறது, கோச் இருக்கிறார். தோற்கிற குழுவுக்கு இதற்கு மேல் ஒரு ஜெனரல் மேனேஜர் எதற்கு என்று. செயலாளர், பெரிய குழுக்களில் எல்லாம் இருக்கிறது, நமக்கும் இருந்தால் ஒரு கௌரவம் என்றார்.

கூட்டம் முடிந்து மோட்டார் பக்கம் நின்றபோது அவரிடமே கேட்டுவிட்டேன். "இத்தனை பேர் இருக்கும்போது நீங்க எதுக்கண்ணே?"

"இத்தனை பேர் இருக்காங்கல்ல," என்றார். "அதுக்குத்தான்."

எனக்கு அன்று விளங்கவில்லை. பிறகு திடலில் பார்த்து விளங்கிக்கொண்டேன். எங்கள் கோச் ஒரு தமிழ் முஸ்லிம், நாசி கண்டார் கடைக் குடும்பம். அருமையான ஆட்டக்காரராக இருந்தவர், பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதிலும் குறை கிடையாது. குறை என்றால் ஒன்றுதான். பெரியவர்கள் பேச்சைத் தட்ட மாட்டார். ஆட்டத்தன்று காலையிலிருந்தே அவருடைய போன் அடிக்க ஆரம்பிக்கும். ஒருவர் தன் அண்ணன் மகனை இறக்கச் சொல்வார். ஒருவர் தன் மைத்துனன் மகனை முன்னால் போடச் சொல்வார். இன்னொருவர் போன வாரம் கோல் விட்டவனை எடுக்கச் சொல்வார், அவருக்கு அவன் அப்பாவோடு நிலத்தகராறு. கோச் எல்லாருக்கும் சரிங்க, சரிங்க என்பார். கடைசியில் திடலில் இறங்குவது கோச்சின் குழு அல்ல, கமிட்டியின் உறவுமுறை. தோற்காமல் என்ன செய்யும்?

இவர் வந்த முதல் ஆட்டத்தன்று கோச்சிடம் கையை நீட்டினார். "பாய், போனைக் குடுங்க." வாங்கித் தன் சட்டைப் பையில், அந்தச் சீப்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். போன் அடித்தது. எடுத்தார். கோச் இப்போது பேச மாட்டார், நான்தான் பேசுகிறேன், முடியாது என்றார். அந்தப் பக்கம் இன்னும் எதையும் கேட்கவே இல்லை. கோச் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு மோட்டார் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிக்கொண்டு வந்தார். பையன்கள் உடை மாற்றுகிற அறைக்கு ஒரே கதவு. நாற்காலியை அந்தக் கதவுக்குக் குறுக்கே போட்டு, வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். உள்ளே ஆட்டக்காரர், கோச், தேங்காயோடு நான். வேறு யாரும் உள்ளே வர முடியாது. அறிவுரை சொல்ல வந்த துணைத்தலைவர் வாசலோடு திரும்பிப் போனார். படம் பிடிக்க வந்தவர் திரும்பினார். ஒரு செயலவை உறுப்பினர், இது என்ன நீங்க வாங்கின நாற்காலியா என்று நக்கலாகக் கேட்டார். "ஆமா, வீட்டு நாற்காலி. ஆட்டம் முடிஞ்சதும் எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றார் இவர். ஒரு ஜெனரல் மேனேஜர் வேறு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. இவர் செய்தது இதுதான். கதவில் உட்கார்ந்தார்.

குழு மெல்ல எழுந்தது. அடுத்தடுத்து ஜெயித்தோம் என்று கதை விட மாட்டேன். தோற்றோம், சமன் செய்தோம், ஒன்றிரண்டு ஜெயித்தோம். ஆனால் தோற்றபோதும் அது எங்கள் கோச்சின் குழுவாக இருந்தது.

என்னிடமும் முடியாது சொன்னார். என் தம்பி மகனுக்கு ஆட்ட ஆசை. சும்மா பெஞ்சில் உட்கார ஒரு ஜெர்சி மட்டும் கொடுத்தால் போதும் என்று ஒரு வெள்ளிக்கிழமை மல்லிகையைக் கட்டிக்கொண்டே மெல்லச் சொன்னேன். "முடியாதுண்ணே. ஓட மாட்டேங்கிறான்" என்றார். என்னிடம் அவர் காரணம் சொன்னது அந்த ஒரு முறைதான், அதையும் கேட்டிருக்க வேண்டாம். பூவை வாங்கிக்கொண்டு, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அந்த மனுஷனிடம் இப்படி ஒரு கல்லுத்தனமும் இருந்தது.

இனி அந்த மாலைக்கு வருகிறேன்.

பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப்பிரிவு. சமன் செய்தாலும் தப்பித்துவிடலாம். அந்த நேரம் பார்த்து எங்கள் தலைவருக்கு அரசாங்கப் பட்டம் கிடைத்தது. அவருக்குப் பாராட்டு விழா நடத்த வேண்டும் என்றது கமிட்டி. நடத்தட்டும், நான் ஏன் வேண்டாம் என்கிறேன், எனக்கு வியாபாரம். ஆனால் கடைசி ஆட்டத்தன்றுதான் கூட்டம் வரும், திடலிலேயே வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று பேச்சு வந்தபோது இவர் பின்னால் என்றார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஏனென்றால் பருவத் தொடக்கத்தில், இவர் வருவதற்கு முன்னால், ஒரு திறப்பு விழாவில் எங்கள் பையன்களை உச்சி வெயிலில் வரிசையாக நிறுத்தி, பேச்சு மேல் பேச்சாகப் பேசி, உடம்பெல்லாம் சோர்ந்து போனபிறகு ஆடவிட்டதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். பாதி ஆட்டத்துக்குள் ஒருவன் கால் பிடித்துக்கொண்டு விழுந்தான். அன்று வாங்கிய கோல்களைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நான் மாலை கட்டினேன். கேமரன் மலை ரோஜா, வெள்ளை ஆர்க்கிட், நடுவில் மல்லிகைச் சரம். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். தேங்காயோடு அதையும் வாழை இலையில் சுற்றித் திடலுக்குக் கொண்டு போனேன்.

துவா முடிந்தது, தேங்காய் உடைந்தது, நல்ல உடைப்பு. பையன்கள் உடம்பைச் சூடுபடுத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். கதவில் நாற்காலி. அப்போது செயலாளர் வேகமாக வந்தார். தலைவர் வந்துவிட்டார், நிகழ்ச்சியை இப்போதே வைக்க வேண்டும், பையன்களை வெளியே வரிசையாக நிறுத்துங்கள் என்றார்.

"ஆட்டம் முடிஞ்சு அனுப்புறேன்."

"அவருக்குச் சாயங்காலம் பட்டர்வொர்த்ல விருந்து இருக்கு, அண்ணே. நிக்க முடியாது."

"அப்ப போயிட்டு வரச் சொல்லுங்க. நாளைக்கு வச்சுக்கலாம்."

"பத்து நிமிஷம்தான் லா."

"போன தடவையும் பத்து நிமிஷம்தான்."

செயலாளர் முகம் சிவந்துவிட்டது. "நீங்க யாரு இதெல்லாம் சொல்ல?"

"நீங்கதானே போட்டீங்க," என்றார் இவர். "ஜெனரல் மேனேஜர்னு."

உள்ளே கோச் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செயலாளர் போய்த் தலைவரையே அழைத்து வந்தார். தலைவர் உயரமான ஆள், வெள்ளைச் சட்டை, நெற்றியில் பளிச்சென்று விபூதி. கதவுக்கு முன்னால் வந்து நின்றார். அவர் நின்றால் மற்றவர்கள் விலகுவார்கள், அது அவருக்குப் பழக்கம்.

இவர் எழுந்தார். நானும் விலகத்தான் போகிறார் என்று நினைத்தேன். இவர் எழுந்தது மரியாதைக்கு, வழிவிட அல்ல. நாற்காலி அங்கேயே குறுக்கே கிடந்தது. கைகளைக் கூப்பி வணக்கம் சொன்னார்.

"பையன்க உள்ள சூடா இருக்காங்க, ஐயா. ஆற விட முடியாது. ஆட்டம் முடியட்டும். நானே மாலை போடறேன்."

தலைவர் இவரை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். திரும்பிப் போய்த் திடலோரம் போட்டிருந்த பந்தலில் உட்கார்ந்தார்.

ஆட்டத்தைப் பற்றி நான் நீட்ட மாட்டேன். முதலில் வாங்கினோம். பிற்பாதியில் கொடுத்தோம். கடைசிக் கால்மணி நேரம் எங்கள் பையன்கள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அந்த நேரத்தில் அந்தக் கால்களில் ஓட்டம் மிச்சம் இருந்ததே, அது அந்தக் கதவு மூடியிருந்ததால் இருந்தது. வெயிலில் நின்று பேச்சுக் கேட்ட கால்கள் அப்படி ஓடாது. ஒன்றுக்கு ஒன்று. நாங்கள் தப்பித்தோம். விசில் ஊதியதும் கோச் புல்லில் நெற்றி பதித்து சுஜூது செய்தார். நான் இருந்த இடத்திலிருந்தே அம்மனைக் கும்பிட்டேன்.

ஒன்றைக் கவனியுங்கள். பட்டர்வொர்த் விருந்துக்கு நேரமாகிவிட்டது என்ற தலைவர் ஆட்டம் முடிகிறவரை பந்தலில்தான் இருந்தார். எங்கும் போகவில்லை. கைகூடத் தட்டினார்.

இவர் என்னிடம் வந்து மாலையைக் கேட்டார். இடைவேளையின்போதே வந்து இலையைப் பிரித்துத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தார், வாடாமல் இருக்கட்டும் என்று. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பந்தலுக்குப் போனார். கூட்டம் பார்த்தது, பையன்கள் பார்த்தார்கள். தலைவர் எழுந்து நின்றார். இவர் மாலையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

தலைவர் குனியவில்லை.

மாலை போட வருகிறவர் குட்டையாக இருந்தால் வாங்குகிறவர் தலையைச் சாய்ப்பார். குழந்தை போட்டால்கூடச் சாய்ப்பார்கள். அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இந்த மனுஷர் கழுத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, தூரத்தில் எதையோ பார்ப்பது போல நின்றார். இவர் குதிகாலைத் தூக்கி நின்றார். எட்டவில்லை. அந்த மாலையின் கனம் எனக்குத் தெரியும். ஆர்க்கிட் இரண்டு உதிர்ந்து சட்டையில் விழுந்தது. யாரோ ஒருவன் சிரித்தான். அப்புறம் தலைவர் செயலாளரைப் பார்த்து, காடி எங்கே என்று கேட்டார். இறங்கி நடந்தார்.

கை தூக்கியபடி அவர் நின்ற அந்தக் கோலம் எனக்கு இன்றைக்கும் சாமி கும்பிடும்போது நடுவில் வந்துவிடுகிறது. அவமானம் நடந்தது நிஜம். யார் யாருக்குச் செய்தது என்பதைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு நாற்காலியை மோட்டாரில் கட்டினார். மாலையை என்னிடம் நீட்டி, இதை என்ன செய்வது என்று கேட்டார். எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. ஒருவர் கழுத்துக்கென்று தூக்கிய மாலை கடைக்குத் திரும்பக் கூடாது. இன்னொருவருக்குப் போடக் கூடாது, சாமிக்கும் ஆகாது. குப்பையில் போடுவது பாவம். தண்ணீரில்தான் விட வேண்டும். சொன்னேன். அப்படியானால் கடலுக்குப் போகலாம் என்றார்.

இரண்டு மோட்டாரில் போனோம். பொழுது இறங்குகிற நேரம், கடலோரம் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். கல் சரிந்து இறங்குகிற இடத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்தார். வெறுங்காலோடு கல்லில் இறங்கினார். வழுக்கும் அண்ணே என்றேன், கேட்கவில்லை. முட்டி நனையக் குனிந்து, மாலையைத் தண்ணீர்மேல் வைத்தார். தொட்டிலில் பிள்ளையைப் போடுகிற மாதிரி வைத்தார். அது கொஞ்ச நேரம் மிதந்து வெளியே போனது. கும்பிட்டுவிட்டு மேலே வந்தார். உள்ளுக்குள் என்ன இருந்ததோ, என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நல்லாக் கட்டியிருந்தீங்கண்ணே."

அந்த நடைபாதையில் போன எவனோ ஒருவன் பார்த்திருக்கிறான். தலைவருக்கு வைத்த மாலையை அவர் கடலில் போட்டார் என்று போய்ச் சொல்லியிருக்கிறான். பூவைத் தண்ணீரில் விடுவது எதற்கு என்று தெரியாத தமிழன் இந்த ஊரில் இருக்கிறானா? எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், வீசினார் என்று சொல்வது வசதியாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் ஜெனரல் மேனேஜர் பதவியே தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு மாலை விஷயத்தைச் சொன்னார்கள். நான் எழுந்து, அவர் வீசவில்லை, கூட நான்தான் இருந்தேன் என்று சொன்னேன். பூக்காரர் உட்காருங்க என்றார் செயலாளர், சிரித்துக்கொண்டே. பதவி போனவர் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தபோது நடந்ததைச் சொன்னேன். ஒரு முழம் போதும் அண்ணே என்றார்.

கதவு திறந்தது. போன் அடிக்க ஆரம்பித்தது. அண்ணன் மகன்களும் மைத்துனன் மகன்களும் ஜெர்சிக்குள் வந்தார்கள், என் தம்பி மகன் உட்பட. மறுவருடமே குழு கீழ்ப்பிரிவுக்குப் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. கோச் கடையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். இதற்கெல்லாம் அம்மனுக்கு மாலை விஷயத்தில் வந்த கோபம்தான் காரணமாம். எனக்கு வயிறு எரிவது இங்கேதான். தினமும் அவளுக்குப் பூ கட்டுகிறவன் நான். உங்கள் உறவுக்காரப் பையனுக்கு ஓடத் தெரியாததற்கு அவளை ஏன் இழுக்கிறீர்கள்? ஒரு நல்லவன்மேல் போட்ட பழிக்கு அவளைச் சாட்சிக்கு அழைக்க உங்களுக்கு நாக்கு கூசவில்லையா?

பிற்காலத்தில் அவர் நிபோங் திபாலில் இருந்த மகள் வீட்டுக்கே போய்விட்டார். அங்கேதான் இறந்தார். குழுவின் பெயரில் பெரிய மாலை ஒன்று வேண்டும் என்று செயலாளர் எனக்குப் போன் செய்தார். என் வாயில் அந்தச் சொல் தானாக வந்தது. முடியாது என்றேன். வேறு கடையில் வாங்கி வந்தார்கள். நான் ஒரு முழம் மல்லிகை கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து செயலாளர் பக்கத்திலிருந்தவரிடம், நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த மாலையை மட்டும் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இறந்தவருடைய மனைவி இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும்.

நான் புறப்படும்போது அந்த அம்மாள் கூப்பிட்டார்.

"அண்ணே. அவர் அதை எறியலதானே?"

"இல்லம்மா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"என்கிட்ட ஒண்ணுமே சொல்லல அவர். கேட்டா, விடுன்னுட்டார்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்க நாலு பேர்கிட்ட சொல்லுங்கண்ணே."

அந்த நாலு பேர் நீங்கள்தான்.

இப்போது மறுபடி கமிட்டி கூடிப் பேசுகிறதாம், ஜெனரல் மேனேஜர் வேண்டுமா வேண்டாமா என்று. என்னைக் கேட்டால், வேண்டும். ஆனால் நீங்கள் தேடுவது மேனேஜரை அல்ல. மாலை போட உங்களுக்கு ஒரு கழுத்து இருக்கிறது. பழி போட இன்னொரு கழுத்து தேடுகிறீர்கள். கதவில் ஒருவர் உட்கார்ந்து உங்களைப் பார்த்து முடியாது என்பார், அதை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் போடுங்கள். இல்லையென்றால் இன்னொரு வீட்டு ஆம்பிளையைக் கூப்பிட்டுப் பேரைக் கெடுக்காதீர்கள்.

படித்தவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடி சொல்லுங்கள். அவரை மகான் ஆக்க வேண்டாம். என் தம்பி மகனுக்கு அவர் முடியாது சொன்னதையும், என் கடைக்கு வந்த அம்மாளைத் திருப்பி அனுப்பியதையும் எடுத்துவிட வேண்டாம். தலைவர் அவரைத் தள்ளினார், திட்டினார் என்று கூட்டிச் சொல்லவும் வேண்டாம். தலைவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. குனியவில்லை, அவ்வளவுதான். கூட்டினால் இதுவும் அந்தக் கால்வாய்க் கதை மாதிரி ஆகிவிடும். சுருக்கிச் சொல்ல நேர்ந்தால் சுருக்குங்கள், ஆனால் கல்லில் இறங்குவதற்கு முன்னால் அவர் செருப்பைக் கழற்றினார் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.